‘ஃபார்ட்டி லிக்ஸ்’: ரோலிங் ஸ்டோன்ஸின் நாற்பது பாடல் தொகுப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது என்ன தொகுப்பு?

ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ஆங்கிலேய ராக் இசைக்குழு 1962 ஜூலை 12 அன்று லண்டனின் மார்க்கீ கிளப்பில் முதன்முறை மேடையேறியது. அதன் நாற்பதாம் ஆண்டையொட்டி 2002 செப்டம்பர் இறுதியில் வெளிவந்ததுதான் ‘ஃபார்ட்டி லிக்ஸ்’. இரண்டு குறுந்தகடுகள், ஒவ்வொன்றிலும் 20 பாடல்கள். அவற்றில் 36 முன்பே வெளியானவை, 4 புதியவை. அமெரிக்கப் பட்டியலில் இந்தக் குழு முதலிடம் பிடித்த எட்டுப் பாடல்களும் இதில் இருக்கின்றன. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் தொகுப்பு இரண்டாம் இடம் வரை ஏறியது. முதலிடத்தில் எல்விஸ் பிரெஸ்லி உட்கார்ந்திருந்தார், அதுவும் ஒரு பழைய பாடல் தொகுப்போடு. 2000 இறுதியில் பீட்டில்ஸின் ‘1’ விற்ற வேகத்தைப் பார்த்த பிறகு, இசை நிறுவனங்கள் எல்லாம் பரணில் கிடந்த பெட்டிகளைக் கீழே இறக்கிய காலம் அது.

பழைய பாடல் தொகுப்புகள் அவர்களுக்கு ஏற்கெனவே ஏராளம். இதில் மட்டும் என்ன விசேஷம்?

ஏராளம் என்பது உண்மைதான். 1966இலேயே ‘பிக் ஹிட்ஸ்’ வந்துவிட்டது, குழுவுக்கு அப்போது நான்கு வயது. 1969இல் எண்கோண அட்டையோடு இரண்டாம் பாகம், 1971 டிசம்பரில் ‘ஹாட் ராக்ஸ்’, 1975இல் ‘மேட் இன் த ஷேட்’, 1984இல் ‘ரீவைண்ட்’, 1993இல் ‘ஜம்ப் பேக்’. இவற்றை வரிசையாக அடுக்கிப் பாருங்கள், ஒரு விநோதம் கண்ணில் படும். ‘ஹாட் ராக்ஸ்’ 1971உடன் நின்றுவிடுகிறது. ‘மேட் இன் த ஷேட்’, ‘ஜம்ப் பேக்’ ஆகியவை 1971இல்தான் தொடங்குகின்றன. முப்பது ஆண்டுகளாக, ‘சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’ பாடலையும் ‘ஸ்டார்ட் மீ அப்’ பாடலையும் ஒரே உறைக்குள் வாங்க விரும்பிய ரசிகருக்குக் கடையில் கிடைத்தவை பெரும்பாலும் பாதித் தொகுப்புகள்தான். குழுவின் முழு வாழ்வையும், குழு ஒரு பக்கம், அறுபதுகளின் பாடல்களுக்கு உரிமை வைத்திருக்கும் நிறுவனம் மறுபக்கம் என இரு பக்கத்தாரின் சம்மதத்தோடு ஒன்றாகக் கட்டிய முதல் தொகுப்பு ‘ஃபார்ட்டி லிக்ஸ்’. எந்தப் பாடல் உள்ளே வரும், எது வராது என்பதைப் பெரும்பாலும் ரசனை தீர்மானிப்பதில்லை. பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது.

சொந்தப் பாடல்களே அவர்களுக்குச் சொந்தமில்லாமல் போனது எப்படி?

இதற்கு ஆலன் கிளைன் என்பவரின் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

கிளைன் நியூயார்க்கின் கணக்காளர். பாடகர்களுக்குச் சேர வேண்டிய ராயல்டியை நிறுவனங்களின் கணக்குப் புத்தகங்களைத் தோண்டி எடுத்துக் கொடுப்பதில் பெயர் வாங்கியவர். 1965இல் அவர் ஸ்டோன்ஸ் குழுவின் வணிகப் பொறுப்பை ஏற்றார். அன்று அவர்களை நிர்வகித்து வந்தவர் ஆண்ட்ரூ லூக் ஓல்டம் என்ற இளைஞர், குழுவினரை விடவும் வயதில் சிறியவர். கிளைன் நேராக, குழுவின் இசைத்தட்டுகளை வெளியிட்ட டெக்கா நிறுவனத்தோடு உட்கார்ந்து பேசி, அந்நாளில் யாரும் எதிர்பாராத 12.5 லட்சம் டாலர் முன்பணத்தைக் கறந்தார். குழுவினர் அசந்து போனார்கள். பீட்டில்ஸ் கூடப் பொறாமைப்பட்டது.

பணம் வந்தது, வந்து சேர்ந்த இடத்தில்தான் சிக்கல். குழுவுக்கு நாங்கர் ஃபெல்ஜ் மியூசிக் என்ற பெயரில் இங்கிலாந்தில் ஒரு நிறுவனம் இருந்தது. அதே பெயரில் அமெரிக்காவில் இன்னொன்று இருந்தது, அது கிளைனுக்குச் சொந்தமானது. ஒப்பந்தப் பணமும் உரிமைகளும் அமெரிக்கப் பெயர்ப்பலகையின் கீழ் போய்ச் சேர்ந்தன. கையெழுத்துப் போட்ட இளைஞர்கள் பெயரைப் பார்த்தார்கள், ஊரைப் பார்க்கவில்லை. 1970இல் கிளைனை விலக்கிவிட்டு, டெக்காவோடு இருந்த ஒப்பந்தமும் முடிந்து, இனி எல்லாம் நம் கையில் என்று நிமிர்ந்தபோதுதான், அறுபதுகளில் பதிவு செய்த பாடல்களின் மூல நாடாக்கள் கிளைனின் ஆப்கோ நிறுவனத்திடம் இருப்பது முழுதாகப் புரிந்தது. வழக்குகள் தொடுத்தார்கள், சமரசம் செய்தார்கள், மறுபடி வழக்குத் தொடுத்தார்கள். நாடாக்கள் மட்டும் திரும்பவில்லை. கிளைன் 2009இல் இறந்தார், உரிமை இன்றும் ஆப்கோவிடமே இருக்கிறது.

அடுத்த பாதியில் குழு இதே தவறைச் செய்யவில்லை. 1971இல் ரோலிங் ஸ்டோன்ஸ் ரெக்கார்ட்ஸ் என்று சொந்த லேபிள் தொடங்கினார்கள். பதிவுகளைத் தங்கள் பெயரிலேயே வைத்துக்கொண்டு, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் பெரிய நிறுவனங்களிடம் வெளியிடக் கொடுத்தார்கள். பொருளாதாரம் படித்த பாடகர் மிக் ஜாகருக்குக் கணக்கு கற்றுத் தந்தது லண்டன் பொருளாதாரப் பள்ளியா, ஆலன் கிளைனா என்று கேட்டால், நான் கிளைனுக்கே மதிப்பெண் கொடுப்பேன்.

‘வைல்ட் ஹார்சஸ்’ முதல் தட்டில், ‘பிரவுன் சுகர்’ இரண்டாம் தட்டில். இரண்டும் ஒரே ஆல்பத்தின் பாடல்கள்தானே?

ஒரே ஆல்பம் மட்டுமல்ல, ஒரே ஸ்டுடியோ. 1969 டிசம்பர் தொடக்கத்தில் அலபாமாவின் மசில் ஷோல்ஸில் மூன்று நாட்களில் பதிவானவை இரண்டும். 1971 ஏப்ரலில் சொந்த லேபிளின் முதல் ஆல்பமான ‘ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்’ வழியாக வெளிவந்தன. ஆனால் பதிவு நடந்த தேதியில் டெக்கா ஒப்பந்தம் உயிரோடு இருந்தது. அதனால் கிளைன் தரப்பும் பங்கு கோரியது, கடைசியில் இரு தரப்புக்கும் பொது என்று முடிவானது.

‘ஃபார்ட்டி லிக்ஸ்’ முதல் தட்டு ஆப்கோவின் அறுபதுகள். இரண்டாம் தட்டு குழுவின் சொந்தச் சொத்தும் புதிய பாடல்களும். நடுவில் நிற்கும் இரண்டு பொதுப் பிள்ளைகளும் ஆளுக்கொரு வீட்டில் வைக்கப்பட்டார்கள். அட்டையில் இதையெல்லாம் அச்சிட மாட்டார்கள். ஆனால் பாடல் வரிசையைப் பார்த்தாலே பாகப்பிரிவினை தெரிகிறது.

‘ஹாட் ராக்ஸ்’ இருந்தால் போதாதா?

அறுபதுகளின் ஸ்டோன்ஸ் மட்டும் வேண்டுமென்றால் தாராளமாகப் போதும். 21 பாடல்களும் ஏறக்குறைய காலவரிசையில் போகின்றன. பிஞ்சுக் குரலில் தொடங்கி இருட்டும் வெறியும் நிறைந்த 1969க்கு வந்து சேரும் பயணம் காதால் உணரக்கூடியது. ‘ஃபார்ட்டி லிக்ஸ்’ தொகுப்பில் இல்லாத ‘மிட்நைட் ராம்ப்ளர்’, ‘ஆஸ் டியர்ஸ் கோ பை’, ‘டைம் இஸ் ஆன் மை சைட்’ மூன்றும் அதில் உண்டு. விற்பனைக்குத் தரும் பிளாட்டினம் சான்றை அமெரிக்காவில் 12 முறை பெற்றது. குழுவின் மற்ற எந்த ஆல்பமும் அங்கே அந்த அளவு எட்டவில்லை.

கசப்பான வேடிக்கை என்னவென்றால், இந்தத் தொகுப்பைத் தயாரித்ததில் குழுவுக்குக் கையே இல்லை. பிரிந்துபோன மேலாளர் கிளைன் தன்னிடம் தங்கிவிட்ட நாடாக்களை வைத்துக் கட்டியது. உள்ளடக்கத்தைப் பொறுத்தவரை அவர் காது நல்ல காது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பாடல்கள் காலவரிசையில் இல்லையே. ஏன் இப்படிக் கலைத்துப் போட்டிருக்கிறார்கள்?

தொடக்கம் 1968இன் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டிங் மேன்’. அடுத்து 1969இன் ‘கிம்மி ஷெல்டர்’, அதன்பின் 1965இன் ‘சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’. கச்சேரியில் வைப்பதுபோல் சூடான பாடல்களை முன்னால் வைத்திருக்கிறார்கள். கார் பயணத்துக்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் குழு எப்படி வளர்ந்தது என்று அறிய விரும்புகிறவருக்கு இது குழப்பம். 1964இன் ‘நாட் ஃபேட் அவே’ ஒன்பதாவதாக வந்து, நடுத்தெருவில் வழிதவறிய பிள்ளைபோல் நிற்கிறது.

நான் செய்வது இது: முதல் தட்டை ஆண்டு வரிசையில் மாற்றி அமைத்துக் கேட்பேன். அப்படிக் கேட்டால், 1966ஐ ஒட்டிய பாடல்களில் குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் ஜோன்ஸ் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது பளிச்சென்று தெரிகிறது. ‘பெயின்ட் இட் பிளாக்’ பாடலில் சிதார், ‘அண்டர் மை தம்ப்’ பாடலில் மரிம்பா, ‘ரூபி டியூஸ்டே’ பாடலில் ரெக்கார்டர் என்ற குழல். மூன்றுக்கும் நிறம் கொடுத்தவர் அவர். 1969 ஜூலையில் 27 வயதில் நீச்சல்குளத்தில் இறந்து கிடந்தார். அவருக்குப் பின் வந்த பாடல்களில் கிட்டார் கெட்டிப்படுகிறது, மற்ற வண்ணங்கள் குறைகின்றன. கலைத்துப் போட்ட வரிசையில் இந்த மாற்றம் காதில் விழாது.

எல்லாப் பாடல்களிலும் குழுவின் டிரம்ஸ் கலைஞர் சார்லி வாட்ஸ்தான் டிரம்ஸ் வாசித்தாரா?

இல்லை, இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ‘யூ கேன்ட் ஆல்வேஸ் கெட் வாட் யூ வான்ட்’ பாடலில் டிரம்ஸ் வாசித்தவர் அவர்களுடைய தயாரிப்பாளர் ஜிம்மி மில்லர். அந்தத் தாளம் சார்லிக்குப் பிடிபடவில்லை. மில்லர் எப்படி என்று வாசித்துக் காட்ட, அப்படியே வாசித்து விடுங்கள் என்று சார்லி எழுந்துவிட்டார். ‘ஹேப்பி’ பாடலிலும் மில்லர்தான். ‘ஹாங்கி டோங்க் விமன்’ பாடலின் தொடக்கத்தில் கேட்கும் மணித் தட்டலும் அவருடையதே.

பேஸ் கிட்டாரைப் பார்த்தால் இன்னும் அதிகம். பில் வைமன் குழுவின் பேஸ் கலைஞர் என்றாலும், ‘சிம்பதி ஃபார் த டெவில்’, ‘ஸ்ட்ரீட் ஃபைட்டிங் மேன்’, ‘ஹேப்பி’ ஆகியவற்றில் கீத் ரிச்சர்ட்ஸ், ‘டம்ப்ளிங் டைஸ்’ பாடலில் மிக் டெய்லர், ‘எமோஷனல் ரெஸ்க்யூ’ பாடலில் ரானி வுட் என்று குழுவின் கிட்டார் கலைஞர்களே அவருக்குப் பதிலாக வாசித்திருக்கிறார்கள்.

‘ஸ்ட்ரீட் ஃபைட்டிங் மேன்’ பற்றி இன்னொன்று. அந்தத் தொடக்கக் கிட்டார் ஓசை மின்கிட்டார் அல்ல. சாதாரண அகூஸ்டிக் கிட்டாரைச் சிறிய பிலிப்ஸ் கேசட் ரெக்கார்டரில் ஒலி உடையும் அளவுக்குப் பதிந்து, அதையே ஸ்டுடியோ நாடாவில் ஏற்றினார்கள். கருவி மலிவு என்பதால் கிடைத்த கரகரப்பு அது. விலையுயர்ந்த கருவியில் அது வந்திருக்காது.

‘கிம்மி ஷெல்டர்’ பாடலில் பாடும் பெண் யார்?

மெரி கிளேட்டன். நியூ ஆர்லியன்ஸில் பிறந்து, தேவாலயத்தில் பாடி வளர்ந்தவர். 1969இல் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு நள்ளிரவில், நிறைமாதக் கர்ப்பிணியாக, தலையில் முடி சுருட்டும் கர்லர்களோடு ஸ்டுடியோவுக்கு வரவழைக்கப்பட்டார். மிகச் சில முயற்சிகளில் முடித்துவிட்டார். உச்சத்தில் அவர் குரல் உடைகிறது. பின்னணியில் யாரோ வியப்பில் கத்துவது பதிவிலேயே கேட்கும், ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். நாற்பது பாடல்களில் ஒன்றுதான் கேட்க நேரமிருக்கிறது என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

பாடல்கள் மூல ஆல்பத்தில் இருப்பது போலவே முழுமையாக உள்ளனவா?

எல்லாம் அப்படி இல்லை. ஒரு குறுந்தகட்டில் ஏறக்குறைய 80 நிமிடம்தான் அடங்கும். அதில் 20 பாடல்களை அடைக்க, ‘மிஸ் யூ’, ‘பீஸ்ட் ஆஃப் பர்டன்’, ‘எமோஷனல் ரெஸ்க்யூ’ போன்றவற்றின் சுருக்கிய வடிவங்களைப் போட்டிருக்கிறார்கள். ‘மிஸ் யூ’ நிதானமாக ஊர்ந்து ஏறும் பாடல், அதை வெட்டினால் பாதிச் சுகம் போய்விடும். அந்த ஒரு பாடலுக்காகவாவது 1978இன் ‘சம் கேர்ள்ஸ்’ ஆல்பத்தைத் தேடிப் போங்கள்.

ஒலித் தரத்தைப் பொறுத்தவரை முதல் தட்டு பெரிய முன்னேற்றம். அதே 2002இல் ஆப்கோ தன் கையிலிருந்த அறுபதுகளின் ஆல்பங்களை மூல நாடாக்களிலிருந்து புதிதாகச் சீரமைத்து வெளியிட்டது. எண்பதுகளில் வந்த மங்கலான குறுந்தகடுகளோடு ஒப்பிட்டால் திரை விலகினாற்போல் இருக்கும். அந்தக் காலத்துச் சிங்கிள்கள், அதாவது தனிப்பாடல் தட்டுகள், ஒற்றைத்தட (மோனோ) ஒலியைக் குறிவைத்தே கலக்கப்பட்டவை. அந்த ஒலியின் அழுத்தம் வேண்டும் என்பவர்கள் 2016இல் வந்த மோனோ பெட்டித் தொகுப்பைப் பார்க்கலாம்.

புதிய நான்கு பாடல்கள் தேறுமா?

2002இல் பாரிஸ் அருகே பதிவு செய்தார்கள். உடன் தயாரிப்பாளர் டான் வாஸ். ‘டோன்ட் ஸ்டாப்’ சிங்கிளாக வந்தது. கேட்கலாம், அடுத்த நாள் மறந்தும் போகலாம். ‘கீஸ் டு யுவர் லவ்’, ‘ஸ்டீலிங் மை ஹார்ட்’ இரண்டும் இட நிரப்பல். கடைசியாக வரும் ‘லூசிங் மை டச்’ மட்டும் வேறு ரகம். கீத் ரிச்சர்ட்ஸ் பாடும் மெதுவான பாடல், தொண்டையில் புகையும் வயதும் கலந்திருக்கின்றன. அதை வைத்து முடித்தது சரியான முடிவு.

பழைய தொகுப்பில் புதிய பாடல் சேர்ப்பது ஒரு வணிக உத்தி, எல்லாம் ஏற்கெனவே வைத்திருக்கும் ரசிகரையும் இன்னொரு முறை பணப்பையைத் திறக்க வைக்க. 2012இல் ‘கிர்ர்’ தொகுப்பிலும் இதையே செய்தார்கள்.

‘எனிபடி சீன் மை பேபி’ பாடலை எழுதியவர்களாக மட்டும் ஜாகர், ரிச்சர்ட்ஸ் தவிர வேறு இருவர் பெயரும் இருக்கிறதே?

அது 1997இன் பாடல். வெளியாவதற்கு முன் ரிச்சர்ட்ஸின் மகள் அதைக் கேட்டுவிட்டு, பல்லவியோடு சேர்த்து வேறொரு பாடலை முணுமுணுத்தார்: பாடகி கே.டி. லாங் பாடிய ‘கான்ஸ்டன்ட் கிரேவிங்’. மெட்டு ஒத்துப்போகிறது என்று தெரிந்ததும், லாங்கையும் உடன் எழுதிய பென் மிங்க்கையும் இணை ஆசிரியர்களாகச் சேர்த்துவிட்டார்கள். வழக்கு இல்லை, சண்டை இல்லை.

அதே 1997இல் நேர் எதிராக இன்னொன்று நடந்தது. தி வெர்வ் என்ற ஆங்கிலேயக் குழு, ஸ்டோன்ஸ் பாடலான ‘த லாஸ்ட் டைம்’ பாடலுக்கு ஓல்டம் செய்த வாத்திய வடிவத்திலிருந்து ஒரு துணுக்கை எடுத்து ‘பிட்டர் ஸ்வீட் சிம்பனி’ செய்தது. உரிமை வைத்திருந்த கிளைன் தரப்பு அந்தப் பாடலின் முழு எழுத்துரிமையையும் எடுத்துக்கொண்டது. பாடலை எழுதிய ரிச்சர்ட் ஆஷ்கிராஃப்டுக்கு ஜாகரும் ரிச்சர்ட்ஸும் அதைத் திருப்பிக் கொடுக்க 2019 வரை ஆனது. ‘த லாஸ்ட் டைம்’ இந்தத் தொகுப்பின் முதல் தட்டில் நான்காவது. அதுவும் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஸ்டேபிள் சிங்கர்ஸ் பாடிய தேவாலயப் பாடல் ஒன்றின் சாயல் அதில் தெளிவாகவே இருக்கிறது. அவர்கள் பெயர் மட்டும் எங்கும் இல்லை.

அட்டையிலுள்ள நாக்குச் சின்னம் காளியிலிருந்து வந்தது என்கிறார்களே, உண்மையா?

ஆம், தூண்டுதல் அங்கிருந்துதான். 1970இல் ராயல் கலைக் கல்லூரி மாணவராக இருந்த ஜான் பாஷேயிடம், நாக்கை நீட்டிய காளியின் படம் ஒன்றை ஜாகர் காட்டினார். பாஷே அதிலிருந்து வாயையும் நாக்கையும் மட்டும் எடுத்துக்கொண்டார். அவருக்குக் கிடைத்த கூலி 50 பவுண்டு. பிறகு கூடுதலாக 200 கொடுத்தார்கள். 2008இல் லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் மூல ஓவியத்தை ஏலத்தில் 92,500 டாலருக்கு வாங்கியது.

இந்தத் தொகுப்பையொட்டிய சுற்றுப்பயணத்தில் இந்தியாவுக்கும் வந்தார்களா?

வந்தார்கள், அதுதான் இந்தியாவில் அவர்களுடைய முதல் கச்சேரி. 2003 ஏப்ரல் 4 அன்று பெங்களூரு அரண்மனை மைதானம், ஏப்ரல் 7 அன்று மும்பை பிரபோர்ன் ஸ்டேடியம். சென்னைக்காரர்களுக்கு ஓர் இரவு ரயில் தூரத்தில் ஸ்டோன்ஸ் என்பது அதற்கு முன் கற்பனையில் மட்டும் இருந்த விஷயம்.

அடுத்து சீனா போயிருக்க வேண்டும். சார்ஸ் நோய் பரவியதால் பெய்ஜிங், ஷாங்காய் கச்சேரிகள் ரத்தாயின. அதற்கு முன்பே இந்தத் தொகுப்பின் சீனப் பதிப்புக்கு அனுமதி கொடுத்த அதிகாரிகள் நான்கு பாடல்களை நீக்கச் சொல்லியிருந்தார்கள்: ‘பிரவுன் சுகர்’, ‘ஹாங்கி டோங்க் விமன்’, ‘பீஸ்ட் ஆஃப் பர்டன்’, ‘லெட்ஸ் ஸ்பென்ட் த நைட் டுகெதர்’. சீனாவை மட்டும் பழிக்க வேண்டாம். கடைசிப் பாடலில் ‘இரவு’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘கொஞ்ச நேரம்’ என்று பாடும்படி 1967இல் அமெரிக்கத் தொலைக்காட்சியே கேட்டது. ஜாகர் கண்களை உருட்டிக்கொண்டே அப்படித்தான் பாடினார்.

இப்போது எதை வாங்குவது?

முதல் முறை கேட்பவருக்கு ‘ஃபார்ட்டி லிக்ஸ்’ போதுமானது. பல ஆண்டுகள் இணையத்தில் கிடைக்காமல் இருந்தது, 2023இல் வினைல் பதிப்போடு ஸ்ட்ரீமிங் தளங்களுக்கும் வந்துவிட்டது. இன்னும் விரிவாக வேண்டும் என்றால் 80 பாடல் கொண்ட ‘கிர்ர்’ பதிப்பு. 1971க்குப் பின் மட்டும் போதுமென்றால் 2019இன் ‘ஹாங்க்’. அதன் மூலத் தட்டுகளில் 36 பாடல்கள். ஏற்கெனவே ‘ஹாட் ராக்ஸ்’, ‘ஜம்ப் பேக்’ இரண்டும் வைத்திருப்பவர் எதையும் வாங்க வேண்டாம். அந்தப் பணத்துக்கு ‘லெட் இட் ப்ளீட்’ அல்லது ‘எக்ஸைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட்’ ஆல்பத்தை முழுதாக வாங்கலாம். பின்னதிலிருந்து இந்தத் தொகுப்பு எடுத்தது இரண்டே பாடல்கள், மிச்சம் பதினாறு அங்கேயே இருக்கின்றன.